மாஸ்டர் வரைந்த தனுஷ்கோடி தேவாலயம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. 1994-இல் பத்தாவது முடித்த பையன் ஒருவன் (பையன் என்ன, அவன் மகளே கல்லூரி முடித்துவிட்டாள்) குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருக்கிறான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்து, அதை ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பேனா ஓவியமாக மாற்றி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "சார், நம்ம டிராயிங் மாஸ்டர் படம் மாதிரியே ஒரே செகண்டுல வந்துடுச்சு பாருங்க. பாவம், அவர் எத்தனை நாள் வெயில்ல உக்காந்தாரோ!"

எல்லோரும் கைதட்டினீர்கள். ஒருவர் மட்டும், "இனிமே டிராயிங் மாஸ்டரே தேவையில்லை" என்று எழுதினார். நான் ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே போன் செய்து, "கோபமா சார்?" என்றான். கோபமில்லை தம்பி. ஆனால் இதற்குப் பதில் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்காக. எங்கள் ஆசிரியர் அறையில் தண்ணீர்ப் பானைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அரை இம்பீரியல் தாளில் நிப்பும் இந்தியன் இங்க்கும் கொண்டு வரைந்தது. மாஸ்டர் ராமநாதபுரம் சீமைக்காரர். 1973 மே விடுமுறையில் ஊருக்குப் போனவர், ராமேஸ்வரத்திலிருந்து மணலில் பாதி தூரம் நடந்தே தனுஷ்கோடி போய், மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார். ஓய்வு பெறும்போது அதை ஆசிரியர் அறைக்கே கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பியபோது, "சார், நீங்க எடுத்துட்டுப் போங்க, இங்கே இருந்தா உடைஞ்சிடும்" என்று என்னிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

தனுஷ்கோடி கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அதன் பின் அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. நம் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியதும் அதே 1964-இல்தான். ஒரு பக்கம் ஒரு ஊர் அழிகிறது, இன்னொரு பக்கம் ஒரு ஊர் எழும்புகிறது. இதை மாஸ்டர் அடிக்கடி சொல்வார். ஏன் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் கணக்கு வாத்தியார், ஓவியம் தெரியாது. ஆனால் மாஸ்டர் படத்தையும் செயலிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கு வாத்தியாராகவே பார்த்தேன்.

மாஸ்டர் படத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவு வழியே கடல் தெரிகிறது. அந்தக் கடற்கோடு சுவரின் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வெட்டுகிறது. சமதரையில் தொடுவானம் எப்போதும் பார்ப்பவர் கண் மட்டத்தில்தான் இருக்கும். நின்றால் ஐந்தடி உயரத்தில் வெட்டும், உட்கார்ந்தால் இரண்டரை அடியில். ஆக மனிதர் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். குடை, நாற்காலி எதுவும் இல்லை. சுவரின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நீட்டிப் பார்த்தேன். தாளுக்கு மேலே ஒரு நூலைப் பிடித்துத்தான் பார்த்தேன், கண்ணாடியில் கோடு போடவில்லை, பயப்படாதீர்கள். இரண்டும் அந்தக் கடற்கோட்டிலேயே ஒரு புள்ளியில் போய்ச் சேர்கின்றன. வடிவியல் பாடத்தில் இணைகோடுகள் சந்திக்காது என்று உங்களிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஓவியத்தில் சந்திக்கும். சந்திக்கும் இடம் வரைபவனின் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிறது.

செயலிப் படத்தில் சுவர்கள் உட்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அது செயலியின் குற்றமில்லை. கிட்டே நின்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் பிடிக்க அகலமான லென்ஸில் எடுத்திருக்கிறான், போனையும் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறான். செயலி அதை அப்படியே கோடாக்கியிருக்கிறது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்பதுதான். அதனால் பலிபீடத்து வளைவுக்கு எத்தனை கோடு போட்டதோ, அதே அளவு கோடு அவன் மனைவியின் கைப்பைக்கும் போட்டிருக்கிறது. பின்னால் நிற்கும் சங்குக் கடையின் தார்ப்பாய்க்கும் அப்படியே. (மருமகளே, கைப்பை நன்றாகவே இருந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.)

மாஸ்டர் எதைக் கோடு போடாமல் விட்டார் என்பதைப் பாருங்கள். வானத்தில் ஒரு கோடு இல்லை. தாளின் மேல் பாதி வெறும் வெள்ளை. ஒருமுறை நான் கேட்டேன், "என்ன மாஸ்டர், மேகம் ஏதாவது போட்டிருக்கலாமே?" "வானம் தாளோட வேலை சார், என் வேலை இல்லை" என்றார். ஆனால் சுவரில் இருக்கும் பவளப்பாறைக் கற்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார். அந்தக் கல்லின் உடம்பெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளைப் புள்ளி வைத்தே காட்டியிருக்கிறார். சாந்து உதிர்ந்து கல் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நிப்பை அழுத்தியிருக்கிறார், தாள் அங்கே லேசாகப் பிய்ந்தே இருக்கிறது. இடது பக்கச் சுவரின் உச்சியில் அவர் போட்ட கற்களில் ஒரு வரிசை உங்கள் படத்தில் இல்லை. இந்த ஐம்பது வருஷத்தில் உதிர்ந்திருக்க வேண்டும்.

அதற்காகப் புகைப்படத்தை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்தே நம் கோயில்களைச் சுற்றிச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேலான படங்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருட்டுப் போய் ஆஸ்திரேலியா வரைக்கும் போனாரே, அவர் நம்முடையவர்தான் என்று நிரூபிக்க அந்தப் பழைய படம் பெரிய சாட்சியாக இருந்தது. 2014-இல் அவர் திரும்பி வந்தார். எந்த ஓவியத்தையும் கோர்ட்டில் அப்படி நீட்ட முடியாது. சாட்சி சொல்ல கேமராதான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஓவியமும் சில சமயம் சாட்சியாகிவிடுகிறது. லண்டனில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி சில வருஷம் முன்பு எனக்கு ஒரு தபால் அட்டை கொண்டு வந்து கொடுத்தாள். "சார், இதைப் பார்த்ததும் ஸ்டாஃப் ரூம் படம் ஞாபகம் வந்துச்சு" என்றாள். வெனிஸ் நகரத்து ஓவியர் கனலெட்டோ, பேனாவும் பழுப்பு மையும் கொண்டு வரைந்த சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே. அதுவும் தீவுத் தேவாலயம்தான். வெனிஸின் பெரிய சதுக்கத்துக்கு எதிரே, தண்ணீருக்கு நடுவில் இருக்கும் சின்னத் தீவு. பல்லாடியோ என்ற கட்டடக்கலைஞர் 1566-இல் தொடங்கிய கோயில். கனலெட்டோ அதைப் பலமுறை வரைந்திருக்கிறார். அவர் 1768-இல் இறந்தார். ஆறு வருஷம் கழித்து, 1774-இல் அந்தக் கோயிலின் மணிக்கூண்டு இடிந்து விழுந்தது. 1791-இல் கட்டி முடித்த புதுக் கூண்டுக்கு உச்சி வேறு மாதிரி. இன்று வெனிஸ் போகிறவர் பார்ப்பது அந்தப் புதுக் கூண்டு. கனலெட்டோ பார்த்த கூண்டு தாளில்தான் நிற்கிறது.

இதில் நம் பையனுக்கு ஒரு சேதி இருக்கிறது. கனலெட்டோவின் கோடுகள் அத்தனை நறுக்காக இருப்பதால், அவர் ஏதோ கருவி வைத்துத்தான் வரைந்தார் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேமரா அப்ஸ்கூரா என்று ஒரு பெட்டி உண்டு. எதிரே இருக்கும் காட்சியை லென்ஸ் வழியே தாளில் விழ வைக்கும், அதன் மேல் கோடு இழுத்தால் போதும். அந்தக் காலத்துச் செயலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அரச சேகரிப்பில் கனலெட்டோவின் கோட்டோவியங்கள் 140-க்கு மேல் இருக்கின்றன. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1762-இல் மொத்தமாக வாங்கியவை. 2017-இல் அவற்றை அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்துப் பார்த்தார்கள். மைக்குக் கீழே பென்சில் கோடுகள் தெரிந்தன. ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டுமானம். பெட்டியின் மேல் வைத்து நகலெடுத்தார் என்ற கதை அந்தப் படங்களைப் பொறுத்தவரை ஆட்டம் கண்டுவிட்டது. நறுக்குக்குக் காரணம் பென்சிலும் ஸ்கேலும் பொறுமையும்.

அந்த மனிதரையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். படம் அழகாக வரவேண்டும் என்று கட்டடங்களை நகர்த்தி வைப்பார், ஆற்றை அகலப்படுத்துவார். நம் மாஸ்டர் கூட அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பனங்கன்று போட்டிருக்கிறார். அங்கே நிஜமாக இருந்ததா என்று கேட்டேன். "பத்தடி தள்ளி இருந்துச்சு, கூப்பிட்டேன், வந்துச்சு" என்றார்.

மை பற்றி ஒரு சின்ன விஷயம், வேதியியல் படித்தவர்களுக்கு. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதிய மையை ஓக் மரத்துக் காய்ப்பையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். நம்மூரில் கடுக்காயும் அன்னபேதியும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. எழுதும்போது கறுப்பாக இருக்கும், காலம் போகப் போகப் பழுப்பாகும், தாளையும் மெல்ல அரிக்கும். மாஸ்டரின் இந்தியன் இங்க் வெறும் கரி. கரி எங்கேயும் போகாது. என் வீட்டுப் படத்தில் தாள்தான் மஞ்சளாகிவிட்டது, கோடு 1973-இல் இருந்த கறுப்பிலேயே இருக்கிறது.

நம் பக்கத்துப் பெரியவர்களையும் சொல்ல வேண்டும். சில்பி, அதாவது நாமக்கல் பி.எம். சீனிவாசன், ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்து அம்மா பூஜை மாடத்தில் ஒட்டியிருந்தாள். கேமரா போக முடியாத கர்ப்பகிரகத்துக்கு எதிரே, தீப வெளிச்சத்தில் வரைந்தவர் அவர்.

மனோகர் தேவதாஸ் பற்றி இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். மதுரைக்காரர், 1936-இல் பிறந்தவர். சென்னையில் பேட்டரிக் கம்பெனியில் வேதியியலாளராக வேலை. கையில் ஓவியப் பேனா. மீனாட்சி கோயிலையும், தான் பையனாகத் திரிந்த மதுரைத் தெருக்களையும், சென்னையின் பழைய கட்டடங்களையும் தேவாலயங்களையும் மெல்லிய கோடுகளில் வரைந்தவர். அவருக்குக் கண்ணில் ஒரு நோய். பார்வை வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் குழாய் வழியே பார்ப்பது போல ஆகிவிடும். 1972 டிசம்பரில் கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. மனைவியைக் கவனித்துக்கொண்டே, பலமான விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, தாளில் ஒரு சமயத்தில் ஒரு துண்டு மட்டுமே கண்ணுக்குத் தெரிய, அத்தனை கோபுரங்களையும் வரைந்தார். கணவனும் மனைவியுமாக அந்தப் படங்களை வாழ்த்து அட்டைகளாக்கி, வந்த பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்தார்கள். 2020-இல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில் மறைந்தார். முழுக் கட்டடத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாதவர் வரைந்த படத்தில் கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. கட்டடம் முழுக்க அவருக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

பையன் போனில் கேட்டான்: "அதெல்லாம் சரி சார், எனக்கு அவ்வளவு நேரம் எங்கே?" நியாயமான கேள்விதான். அன்றைக்குக் காலையில் கிளம்பி, கோயில் தரிசனம் முடித்து, மதியம் அரிச்சல்முனை பார்த்து, இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். 2017-இல் தார்ச்சாலை வந்த பிறகு எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். தேவாலயத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றாய் என்று திருப்பிக் கேட்டேன். "ஒரு பத்து நிமிஷம் சார், அதுல பாதி நேரம் ஆளுங்க விலகறதுக்காகக் காத்திருந்தோம்." பலிபீடத்து வளைவு அரைவட்டமா, கூர்வளைவா என்றேன். யோசித்தான். "படத்தைப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்துவிட்டது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானே எத்தனை வருஷமாகத் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரரைக் கும்பிடுகிறேன். சந்நிதி வாசலில் இரண்டு எருக்கந்தூண்கள், தொண்டைமான் கதை, சுந்தரர் பாடியது எல்லாம் பேரன்களுக்குச் சொல்வேன். போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரை நினைத்துக்கொண்டு ஒரு தாளில் அந்தத் தூணைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. கை வராதது வேறு, தூண் மனதிலேயே இல்லை. எவ்வளவு பருமன், மேலே எது வரைக்கும் போகிறது, ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் போய்ப் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். அர்ச்சகர், "என்ன சார், ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்.

இப்போது சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனையும் எழுத எனக்குத் தகுதி இல்லை. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளிக்கிழமை கடைசிக்கு முந்தின பீரியட் ஓவியம். பத்தாம் வகுப்பில் அந்தப் பீரியட் ஒரு நாளும் ஓவியமாக நடந்ததில்லை. நான்தான் வாங்கிக்கொள்வேன். "மாஸ்டர், போர்ஷன் முடியலை, இந்த வாரம் மட்டும்" என்பேன். எட்டு வருஷம் "இந்த வாரம் மட்டும்". அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போய், அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். நான் அந்தப் பீரியடில் முக்கோணவியல் நடத்தி உங்களுக்கு மார்க் வாங்கிக் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பள்ளியைக் குறை சொல்லவில்லை. கேட்டவன் நான்.

அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து எஸ்டேட்டில் டிராயிங் ஆபீஸில் சேர்ந்தவர்கள் உங்களில் பலர். ராட்ரிங் பேனாவும் டிரேசிங் தாளுமாக ஆரம்பித்து, பிறகு ஆட்டோகேடுக்கு மாறினீர்கள். அதில் ஒருவன் என்னிடம் ஒருமுறை சொன்னான்: "சார், ஐ.டி.ஐ.யில முதல் நாள், ஒரு மரக்கட்டையை மேசைமேல வெச்சு மூணு பக்கத்திலேருந்தும் வரையச் சொன்னாங்க. கிளாஸ்ல என்னைத் தவிர யாருக்கும் வரலை. ஆறாங்கிளாஸ்ல மாஸ்டர் தீப்பெட்டியை வெச்சு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்." அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பீரியடை யாரும் வாங்கவில்லை.

அதனால் என் அபிப்பிராயம் இது. பிள்ளைகளுக்கு நாலு வயதிலிருந்து கீபோர்டு வகுப்பு, அபாகஸ் வகுப்பு என்று அனுப்புகிறீர்கள். ஓவியப் போட்டிக்கும் அனுப்புகிறீர்கள். அங்கே எல்லாப் பிள்ளையும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று அதே படத்தைப் போட்டுச் சான்றிதழ் வாங்குகிறது. அதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு அரை மணி நேரம், எதிரே இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வீட்டு மோட்டார் ரூம், தெருமுனைப் பிள்ளையார், எதுவானாலும் சரி. நன்றாக வர வேண்டியதில்லை. பள்ளிகளில் ஓவியப் பீரியட் கால அட்டவணையில் இருக்கிறதா, அதில் உண்மையிலேயே ஓவியம் நடக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். என்னைப் போல ஒரு கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள்.

செயலிப் படத்தை அழிக்கச் சொல்லவில்லை தம்பி. குடும்பத்தோடு போன நினைவு, வைத்துக்கொள். உன் மகளை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வா. மாஸ்டர் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து வைக்கிறேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தால்தான் நிப் அழுத்திய இடங்கள் தெரியும்.

கடைசியாக ஒரு உதவி. சட்டத்தின் கீழ் மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்று வேதியியல் பாதுகாப்புக்கூடம் உண்டு. தனியார் கொண்டு போனால் ஆலோசனையாவது சொல்வார்களா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். இன்னொன்று, இந்தப் படம் என்னுடையது இல்லை. மாஸ்டர் காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகள், மண்டபம் பக்கம் வாழ்க்கைப்பட்டார் என்பது வரைக்கும் தெரியும். 80-களில் படித்தவர்கள் யாருக்காவது அந்தக் குடும்பத்தோடு தொடர்பு இருந்தால், இங்கே பெயர் எதுவும் போடாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நானே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.